பனியன் துணியில் முளைத்த கொத்தமல்லி

என் வீட்டுக்காரரைத் திருடன் என்று சொன்னதை இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு உடம்பெல்லாம் எரிகிறது. அதுவும் கொத்தமல்லிப் பாத்திக்காக.

அவர் பனியன் கம்பெனியில் கட்டிங் வேலை பார்த்தார். கம்பெனிக்குப் பின்னால் முதலாளியின் வாடகை வீட்டில் குடியிருந்தோம். என் மகனுக்குப் பல் முளைக்கும் பருவம். கொத்தமல்லி போட்ட ரசத்தில் பிசைந்த சோற்றைத் தவிர எதைக் கொடுத்தாலும் துப்புவான். அதனால் இரண்டு பாத்தி போட்டிருந்தேன். ஒன்றில் பறிக்கும்போது மற்றதில் விதைப்பேன். விதைத்த பாத்தியைக் குருவி கொத்தாமல் இருக்க ஈரத்துணியால் மூடுவேன். எண்ணெய்க் கறை பட்டதால் வேஸ்ட் வாங்குகிறவரே வேண்டாமென்று ஒதுக்கி, அவர் வீட்டுக்குக் கொண்டுவந்த பனியன் துண்டுகள் அவை.

முளை தெரிந்ததும் துணியை எடுத்துவிட வேண்டும். அந்த முறை பையனுக்குக் காய்ச்சல். மறந்துவிட்டேன். முளைகள் துணிப் பின்னலின் கண்களுக்குள் நுழைந்து மேலே வந்துவிட்டன. துணியைத் தூக்கினால் செடியும் வேரோடு வரும். எடுப்பதா விடுவதா என்று நான் குழம்பிக்கொண்டிருந்தபோதுதான் முதலாளி கொல்லைப் பக்கம் வந்தார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நேரே கம்பெனிக்குப் போய், எல்லோர் முன்னாலும் கேட்டிருக்கிறார்.

"ஏப்பா, கம்பெனித் துணிக்கு உன்ற ஊட்டுத் தோட்டத்துல என்ன வேலை?"

"கூட்டித் தள்ளுன வேஸ்ட்டுங்க."

"வேஸ்ட்டுன்னு நீ சொல்றதா, நாஞ் சொல்றதா?"

மத்தியானம் சாப்பிட வந்தவர் தட்டில் கையே வைக்கவில்லை. "துணியக் குடுத்துரு புள்ள. வேலை போச்சுன்னா வேற எங்க போறது?"

"நீங்க திருடுனீங்களாங்க? அப்பறம் எதுக்குங்க குடுக்கோணும்?"

அவர் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து கம்பெனிக்குப் போனார். அவரிடம் கத்தியிருக்கக் கூடாதோ என்று அப்போதே தோன்றியது. ஆனாலும் கோபம் அடங்கவில்லை.

சாயங்காலம் வழக்கம்போல் முதலாளியம்மா கிண்ணத்தோடு வந்தார். என் பாத்தியிலிருந்து தினமும் சட்னிக்குப் பறித்துப் போகிறவர்.

"ஏங்கண்ணு, ஒரு புடி கொத்தமல்லி."

துணியை ஒரே இழுப்பில் உரித்தேன். மண்ணும் முளையுமாகச் சுருட்டி நீட்டினேன். "இந்தாங்கக்கா, உங்க துணி." பக்கத்துப் பாத்தியில் நின்றதையும் மொத்தமாக வேரோடு பிடுங்கி அதன்மேல் வைத்தேன். "இதையும் கொண்டு போயிருங்க."

"எதுக்கு இத்தன கோவம்? அவரு சும்மா ஒரு வார்த்த கேட்டாரு."

முதலாளியம்மா துணியிலிருந்து மண்ணை உதறினார். முளைகளை உருவிக் கீழே போட்டார். எண்ணெய்க் கறை பட்ட அந்தத் துணியை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, கொத்தமல்லியோடு போனார்.

வேலை போகவில்லை. அன்றிரவு கொத்தமல்லி இல்லாத ரசச்சோற்றைப் பையன் துப்பினான். என் ரோஷத்துக்குக் குழந்தையின் வாய்ச்சோற்றையா பறித்தேன் என்று அழுகை வந்தது.

மறுநாள் அவர் சந்தையில் ஒரு கட்டு கொத்தமல்லி வாங்கி வந்து, அடுப்படியில் வைத்தார். அந்தக் கட்டின் மேலும் எனக்குக் கோபம் வந்தது. ஆய்ந்து, அலசி, ரசத்தில் போட்டேன்.