மாமாவின் பாயிண்டுகள்

கடைக்கு வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, "உங்க வூடு கடலுக்கு எவ்ளோ கிட்ட கீது?" என்றுதான். ராயபுரம் கல்மண்டபத்தில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கிறவளுக்கு அதைவிட முக்கியமான கேள்வி கிடையாது. உப்புக்காற்று நுழையாத இடமே இல்லை. ரேமைக் கழற்றினால் அதன் கால்கள் கறுத்துப் போயிருக்கும். பள்ளிக்கூட ரப்பரால் தேய்த்துத் திரும்ப மாட்டினால், செத்துப்போனதாக நினைத்த மெஷின் எழுந்து உட்காரும். வந்தவர் வாயைப் பிளந்து நிற்கும்போதே நான் திட்டத் தொடங்கிவிடுவேன். சன்னலோரம் வைக்காதே, மெலிசாக இருக்கிறதென்று வாங்காதே, முக்கியமானதை ஒரே இடத்தில் வைக்காதே. பேக்கப் எடுக்காமல் அழுதுகொண்டு வருகிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பாதிப் பேர் என் வாய்க்குப் பயந்தே ஒரு பென் டிரைவ் வாங்கிக்கொண்டு போவார்கள்.

ஊருக்கெல்லாம் உபதேசம் செய்தேன், என் அக்கா புருஷனை மட்டும் திருத்த முடியவில்லை.

மாமா விசைப்படகு டிரைவர். படகை ஓட்டுவதோடு எங்கே வலை விடுவது என்று முடிவு செய்வதும் அவர்தான். அப்படிப்பட்டவருக்குச் சொத்து என்றால் பாயிண்டுகள்தான். கடலுக்கடியில் பாறை எங்கே, எந்த மாதம் எங்கே மீன் மேயும் என்பதையெல்லாம் ஜி.பி.எஸ். செட்டில் எண்களாகக் குறித்து வைப்பார்கள். அந்த எண்களை, பெற்ற பிள்ளைக்குக்கூடச் சுலபத்தில் சொல்ல மாட்டார்கள். எங்கள் அண்ணன் வேறொரு படகில் டிரைவர். "கரையிலதான் அவன் மச்சான். கடல்ல அவன் வேற போட்டு," என்பார் மாமா. கல்யாணப் பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்து ஒருவருக்கொருவர் பாயசம் ஊற்றிக்கொள்வார்கள். ஆனால் ஒரே ஒரு பாயிண்ட் கேட்டால் இருவருக்கும் காது அடைத்துவிடும்.

இருபது வருடப் பாயிண்டுகளை மாமா ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தார். ஒரு மழையில் அது ஊறி, பாதி மை கலைந்தபோது, "லேப்டாப்ல ஏத்திடு மாமா," என்று சொன்னது சாட்சாத் நான்தான். தடியாக ஒன்று வாங்கு என்றேன். அவர் செகண்ட் ஹேண்டில் பளபளவென்று மெலிசாக ஒன்றை வாங்கி வந்து, இறாலுக்குப் போடுகிற பிளாஸ்டிக் கவரில் சுற்றி வைத்தார். உள்ளே வேர்த்துக்கொட்டுமே என்று நான் தலையில் அடித்துக்கொண்டேன். பாஸ்வேர்டு என்ன தெரியுமா? படகு நம்பர். படகின் மூக்கில், ஒரு சாண் உயரத்தில், துறைமுகமே படிக்கிற மாதிரி எழுதியிருக்கிற நம்பர்!

"சரி, பேக்கப்பாவது எடு மாமா."

"ரெண்டு எடத்துல இருந்தா அதுக்குப் பேரு ரகசியமா? போம்மா."

சொன்னதோடு நிற்கவில்லை. லேப்டாப்பில் ஏற்றி முடித்த அன்றே நோட்டை அடுப்பில் கொளுத்திவிட்டார். மீன்பிடித் தடைக்காலத்தில் படகு கரையில் கிடந்தபோது பழைய ஜி.பி.எஸ். செட்டை மாற்றிப் புதிது வாங்கினார். கொடுப்பதற்கு முன்னால் பழையதில் இருந்ததையும் ஒன்று விடாமல் அழித்துவிட்டார். புதியதில் இன்னும் எதையும் ஏற்றவில்லை.

தடை முடிய நான்கு நாள் இருக்கும்போது லேப்டாப் உயிரை விட்டது. கவரோடு அதைத் தூக்கிக்கொண்டு வந்து என் மேசைமேல் வைத்தார். எப்போதும் வாசலிலிருந்தே கிண்டல் செய்துகொண்டு வருகிற மனுஷன், அன்று ஸ்டூலில் உட்கார்ந்து தரையைப் பார்த்தார்.

"இது போச்சின்னா நான் போட்டுல ஐஸ் ஒடைக்கத்தான் போவணும். இந்த வயசுல யார்னா என்ன நம்பி போட்டு குடுப்பானா?"

திட்டுவதற்கு வாயைத் திறந்தவள் மூடிக்கொண்டேன். நோட்டை விட்டு லேப்டாப்புக்கு மாறச் சொன்னவள் நான்தானே.

"ஆனா ஒண்ணு. எட்து குடு, உள்ள பாக்காத. உங்கண்ணன் மேல சத்தியம்."

சத்தியத்துக்கும் அண்ணன்தான் கிடைத்தான்!

திறந்தால் போர்டு முழுக்கப் பச்சைப் பச்சையாகத் துரு. ஹார்ட் டிஸ்கைக் கழற்றி வேறு மெஷினில் மாட்டினேன். டிக் டிக் என்றது. அந்தச் சத்தம் வந்தால் நேரமில்லை என்று அர்த்தம். வேறு எதையும் தொடாமல் அந்த ஒரு ஃபைலை மட்டும் இழுத்தேன். வருகிறது, நிற்கிறது, மறுபடி வருகிறது. வந்து முடிந்த கையோடு டிஸ்க் மொத்தமாக அடங்கிவிட்டது.

இப்போது திறந்து பார்த்தாக வேண்டும். சரியாக வந்ததா என்று பார்க்காத பிரதி, பிரதியே இல்லை. இது நான் ஊருக்குச் சொல்கிற பாடம். அண்ணனிடம் மனசுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு படகு நம்பரைத் தட்டினேன். எண்கள் வரிசையாக இருந்தன. சும்மா நான்கைந்தை எடுத்து மேப்பில் போட்டுப் பார்த்தேன். ஒன்று மாத்தூரில் ஒரு தெருவில் விழுந்தது. ஒன்று வியாசர்பாடியில், பையன்கள் பந்து விளையாடுகிற கிரவுண்டுக்கு நடுவில். பதறிப்போய் எல்லாவற்றையும் போட்டேன். ஒரு பாயிண்ட்கூடக் கடலில் இல்லை, அத்தனையும் தரை. இழுக்கும்போது எண்கள் கெட்டுவிட்டன என்று முடிவு செய்தேன். டிஸ்கும் போய்விட்டது, இனிமேல் எதுவும் செய்ய முடியாது. கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு அழுதேன்.

மாமாவின் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்குத் தைரியமில்லை. அவர் துறைமுகத்தில் படகுக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்த நேரமாகப் பார்த்து என் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு அக்காவிடம் ஓடினேன். அக்கா அருவாமனையில் சங்கரா மீன் அரிந்துகொண்டிருந்தாள். எல்லாம் போய்விட்டது என்று நான் விக்கி விக்கிச் சொன்னதைக் கேட்டு, கையைத் துடைத்துக்கொண்டு மேப்பை எட்டிப் பார்த்தாள்.

"லூசு! எதுக்குடி அழுவுற? அல்லாத்தலயும் இத்தினி கூட்டு," என்று ஒரு எண்ணைச் சொன்னாள். அந்த எண்ணை இங்கே எழுத மாட்டேன்.

கூட்டினேன். வியாசர்பாடி கிரவுண்டில் இருந்த புள்ளி நகர்ந்து, ராயபுரத்தைத் தாண்டி, துறைமுகத்தைத் தாண்டிக் கடலில் போய் நின்றது. பின்னாலேயே மற்ற எல்லாமும் போய்ச் சேர்ந்தன. உண்மையான எண்களில் ஒன்றைக் கழித்துத்தான் மாமா எழுதி வைத்திருக்கிறார். படகு நம்பரைப் பாஸ்வேர்டாக வைக்கிற மனுஷன் என்று நான் சிரித்தேனே! திருடியவன் கையில் கிடைத்தாலும் மாத்தூரில்தான் வலை விட வேண்டும்.

"உனக்கு எப்டிக்கா தெரியும்?"

"இருவது வருசமா அந்தாளு நோட்ட வெச்சிக்கினு குந்தி, 'இதுல இத்தினி போச்சி, இதுல இத்தினி போச்சி'ன்னு வாய் வுட்டு கயிச்சி கயிச்சி எழுதிக்கினே கீறாரு. நான் இன்னா செவுடா?" மறுபடியும் மீனைக் கையில் எடுத்தாள். "எனக்குத் தெரியும்னு அவராண்ட சொல்லித் தொலைக்காத. அண்ணன் எத்தினி வாட்டி கேட்டுக்கீது. 'அவரு எங்கிட்ட சொன்னதே இல்லண்ணா'ன்னுவேன். நெசம்தான, அவரு எங்க சொன்னாரு?"

சாயந்திரம் மாமா வீட்டுக்கு வந்ததும் என் லேப்டாப்பை அவர் மடியில் வைத்தேன். திறந்து ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் பார்த்தார். கண் ஈரமாகிவிட்டது என்பதை நான் பார்த்துவிடக் கூடாதென்று மூக்கைச் சொறிந்தார். அப்புறம் பழைய மாமா திரும்பி வந்துவிட்டார்.

"பாத்தியா நீ?"

"பாத்தேன். மாத்தூர்ல மீன் புடிக்கிற ஒரே டிரைவர் நீதான் மாமா."

ஹோ என்று சிரித்தார். எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது. அக்காவுக்குத் தெரியும் என்பதைக் காட்டிக்கொள்ளாமல் கத்தினேன்.

"சிரிக்காத! எத்தினி கூட்டணும்னு உன் மண்டைக்குள்ள மட்டுந்தான கீது? அதுவும் ஒரே எடந்தான? பிரஷர் மாத்திரைய ஒயுங்கா போட்றியா நீ? நாளைக்கு நீ படுத்துக்கினா இந்த ஃபைல வெச்சி நாங்க இன்னா பண்றது?"

மாமா சிரிப்பை நிறுத்தினார். அக்கா அருவாமனையில் காய் அரிந்துகொண்டிருந்த சமையலறைப் பக்கம் ஒருதரம் பார்த்துவிட்டு என்னருகில் குனிந்தார்.

"நூறு பொட்டி மீன வாய தொறக்காம எண்ணி முட்ச்சிருவேன் நான். இந்தக் கணக்க மட்டும் இருவது வருசமா ஏன் வாய் வுட்டு போட்றேன்னு நெனக்கிற?"

"ஏன் மாமா?"

"வாயால சொல்லிட்டேன்னு வெய்யி, உங்கண்ணன் கேக்கசொல்ல அவ பொய் சொல்லணும். கூடப் பொறந்தவன்கிட்ட அவ ஏன் பொய் சொல்லணும்? அவளா காதுல வாங்கிக்கினா யாருக்கும் பேஜாரு கெடையாது." விரலை உதட்டில் வைத்தார். "எனக்கு இது தெரியும்னு அவளாண்ட சொல்லிடாத."

புதுச் செட்டில் ஏற்றுவதற்காகப் பேப்பரும் பேனாவும் எடுத்துக்கொண்டார். தடைக்கு முந்தின கடைசி வாரத்தில் புதிதாகக் கண்டுபிடித்த பாயிண்டில் தொடங்கினார். முதல் எண்ணை வாசித்தார். எதிரில் உட்கார்ந்திருக்கிற எனக்குத் தேவையில்லாத அளவுக்குச் சத்தமாக, எத்தனை கூட்ட வேண்டும் என்பதையும் சொல்லிக் கூட்டினார்.

உள்ளே அருவாமனைச் சத்தம் நின்றது.