பச்சைக் கட்டமும் பவுடர் டப்பாவும்

"இன்னிக்கு என்ன கலர்?"

கதவு திறந்ததும் இவர் கேட்பது இதைத்தான். வணக்கமெல்லாம் அப்புறம். வீட்டுக்காரர் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, "ஆரஞ்சு சார்" என்று கிசுகிசுப்பார். பேச்சு சிறுநீரைப் பற்றியது. காசநோய் மாத்திரை உள்ளே போனால் அது நிறம் மாறிவிடும். "வாய் என்ன வேணா சொல்லட்டும், எனக்குக் கலரைச் சொல்லு" என்பார்.

காசநோய்ப் பிரிவில் களப்பணியாளர். ஐம்பது தாண்டியவர். சட்டைப்பையில் இரண்டு பேனா. அதில் ஒன்றுதான் எழுதும், எது என்று அவருக்கே தெரியாது. ஸ்கூட்டரை இரண்டு தெரு தள்ளி நிறுத்திவிட்டு, வாடகைக்கு வீடு தேடுபவரைப் போல மாடியை அண்ணாந்து பார்த்துக்கொண்டே நடந்து வருவார். இன்னார் வீட்டில் இந்த நோய் என்று ஊருக்குத் தெரிந்துவிடக் கூடாதே!

நடுவில் ஒரு வருடம் இந்த நடை நின்றுபோனது. செல்போன் வந்தது. மாத்திரையைப் பிதுக்கினால் அட்டைக்குப் பின்னால் ஒரு நம்பர் தெரியும். நோயாளி அதற்கு மிஸ்டு கால் கொடுத்தால் போதும், இவருடைய போனில் அன்றைய கட்டம் பச்சையாகும். கொடுக்காவிட்டால் சிவப்பு. தனியார் கிளினிக் டாக்டரின் போனிலும் அதே கட்டங்கள்.

"படுத்துக்கிட்டே முப்பத்தெட்டு வீடு பாத்துட்டேன்" என்று மனைவியிடம் பீற்றிக்கொள்வார். "அப்படியே எனக்கும் ஒரு கட்டம் போடச் சொல்லுங்க. நீங்க காய்கறி வாங்கிட்டு வர்ற அன்னைக்குப் பச்சையாகட்டும்" என்பார் அந்த அம்மாள்.

நோயாளிகளிடம் இவர் விட்ட வசனம் வேறு. "ஒரு கட்டம் சிவந்தாலும் மேலதிகாரி என்னைக் கடிச்சுத் துப்பிடுவார். என்னைக் காப்பாத்துங்கப்பா!" எல்லோரும் சிரித்தார்கள். ஒருத்தி மட்டும் அதை நம்பிவிட்டாள்.

அவள் முடிதிருத்தும் கடைக்காரரின் மனைவி; நோய் கணவருக்கு. அந்த மனிதருக்குக் கத்திரிக்கோலும் வாயும் ஒன்றாகத்தான் ஓடும். தெருச் செய்தி மொத்தமும் அங்கே கிடைக்கும். அவருடைய கட்டங்கள் நான்கு மாதம் பச்சைப் பசேல். ஆபீஸ் கூட்டத்தில் இவர் அதைக் காட்டிக் கைத்தட்டல்கூட வாங்கினார். இடையில் இருமல் விடவில்லை என்று கடைக்காரர் கிளினிக்குக்குப் போனபோது, டாக்டரும் போனைத் திறந்து பார்த்து, "மாத்திரை ஒழுங்காப் போகுது. இது வெறும் சளி" என்று டானிக் எழுதிக் கொடுத்தார்.

நான்காம் மாதக் கடைசியில் இவர் முடி வெட்டிக்கொள்ளப் போனார். கத்திரிக்கோல் ஓடியதைவிட இருமலுக்காக நின்றதுதான் அதிகம். பழைய ஞாபகத்தில், "என்ன கலர்?" என்று கேட்டார்.

"என்ன சார் பெரிய கலர், எப்பவும் போலத்தான்."

ஆரஞ்சு இல்லை! இவர் துண்டோடு எழுந்துவிட்டார். உள்ளேயிருந்து கடைக்காரரின் மனைவி ஒரு பவுடர் டப்பாவைக் கொண்டுவந்து நீட்டினாள். ஆட்டினால் கலகலவென்றது.

"முழுங்கினா வாந்தி சார் அவருக்கு. வாரத்துல ரெண்டு நாள் சாப்பிட்டாலே பெரிசு. கட்டம் சிவந்தா உங்களைத் திட்டுவாங்கன்னு நீங்கதானே சொன்னீங்க? பாவம், புள்ளகுட்டிக்காரர்னு மாத்திரையைப் பிதுக்கி இதுல போட்டுட்டு, நான் ஒரு நாள் விடாம மிஸ்டு கால் அடிச்சேன்."

அதற்குள் கிருமி அந்த மாத்திரைக்கு அடங்காததாக மாறியிருந்தது. மாதக்கணக்கில் ஊசி போட்டார்கள். கிருமி பணிந்தது, போகிற போக்கில் ஊசி கடைக்காரரின் காதுகளை வாங்கிக்கொண்டது. 'நோயாளி ஒத்துழைக்கவில்லை' என்று அறிக்கை தயாரானது. கையெழுத்துப் போட வேண்டியவர் இவர். போட்டார். இரண்டில் எழுதும் பேனா எது என்று அன்றைக்குத் தேடவே வேண்டியிருக்கவில்லை, எடுத்ததே எழுதியது.

இப்போது மறுபடியும் ஸ்கூட்டர், அண்ணாந்த நடை. "போன்லதான் பச்சை காட்டுதே சார், எதுக்கு அலையறீங்க?" என்று யாராவது கேட்டால், "அது காட்டும். நீ சொல்லு" என்கிறார்.

சளியில் கிருமி இல்லை என்றான பிறகு கடையைத் திறந்திருக்கிறார் கடைக்காரர். வாடிக்கையாளர்கள் பேசுகிறார்கள், அவர் எல்லாவற்றுக்கும் சிரித்து வைக்கிறார். மாத்திரை இன்னும் ஒரு வருடம் உண்டு.

தினமும் கடைசியாக இவர் வருவது இங்கேதான். கேள்வி அந்தக் காதுகளுக்கு எட்டாது. மாத்திரையைக் கையில் கொடுத்து, தண்ணீரை ஊற்றி நீட்டுகிறார். கடைக்காரர் விழுங்கிவிட்டு வாயைத் திறந்து நாக்கைத் தூக்கிக் காட்டுகிறார். பிறகு பழக்கதோஷத்தில் மிஸ்டு கால் கொடுக்கப் போனை எடுக்கிறார். இவர் அதை மெல்ல வாங்கிக் கண்ணாடிக்கு முன்னால் கவிழ்த்து வைக்கிறார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்து, போன வாரம்தான் முடி வெட்டிய தலையைக் குனிந்துகொள்கிறார்.