அடி யாருக்கு

சட்டாம்பிள்ளை அழித்துக்கொண்டிருக்கிறார். பென்சில் பின்னாலிருக்கும் ரப்பர் தேய்ந்து தகரம் தாளைக் கீறும்வரை அழிப்பார். துகளை ஊதித் தள்ளுவார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மெல்லிய துணியால் துடைத்து மாட்டிக்கொண்டு, சொல் இருந்த வெற்றிடத்தை, பெற்ற பிள்ளையைப் பார்ப்பதுபோலப் பார்ப்பார். இந்த ஞாயிறு காலை போனவை இரண்டு சொற்கள்: 'நடுவர் நீங்கலாக.'

"இது பச்சைக் குழந்தைக்குக்கூடத் தெரியும். எதுக்கு வீணா ரெண்டு வார்த்தை?"

வேலை மூக்குக்கண்ணாடிக் கடையில். வட்டமாக வரும் கண்ணாடிச் சில்லை ஃபிரேமுக்குத் தக்கபடி தேய்த்துப் பொருத்துவது. "தேவைக்கு மேல இருக்கறதெல்லாம் தூசி சார்" என்பார் தேய்த்துக்கொண்டே. அதே கையால்தான் ஒரு விளையாட்டையும் தேய்த்து வருகிறார். மேசையைச் சுற்றி நாலைந்து பேர் உட்கார்ந்து, ஒருவர் வாள்வீரன், ஒருவர் மந்திரவாதி, ஒருவர் மருத்துவச்சி என்று ஆளுக்கொரு வேடம் ஏற்று, நடுவர் சொல்லும் கதைக்குள் புகுந்து, பகடை உருட்டிப் பூதங்களோடு மோதும் விளையாட்டு. அவருடைய நண்பர்கள் ஆடும் அசல் விளையாட்டின் விதிப்புத்தகம் தலைக்கு வைத்துப் படுக்கும் கனம். ஒரு கத்தி வீச்சுக்கு ஆறு அட்டவணை பார்க்க வேண்டும்.

"பூதம் செத்துச்சா இல்லையான்னு தெரியறதுக்குள்ள நம்ம ஆயுசு முடிஞ்சிரும்" என்று மனைவி ஒருநாள் சொல்லிவிட்டார். அவர்தான் 'சட்டாம்பிள்ளை' என்ற பட்டத்தையும் சூட்டியவர். அன்றே இவர் சபதம் போட்டார்: மொத்த விளையாட்டும் ஒரே தாளில்.

அதற்குப் பிறகு கடைக்கு வருபவர்களுக்கும் நிம்மதி போயிற்று. ஃபிரேமைக் காதில் மாட்டி "அழுத்துதா?" என்று கேட்ட மூச்சிலேயே, "குகை வாசல்ல நிக்கறீங்க. உள்ள ஏதோ மூச்சு விடுது. என்ன பண்ணுவீங்க?" என்பார். ஒரு கணக்கு வாத்தியார் யோசிக்கவே இல்லை. "உங்களை முதல்ல அனுப்புவேன்." சட்டாம்பிள்ளை அன்று முழுக்க அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

நண்பர்களோ நெஞ்சில் கைவைத்தார்கள். "உயிர்ப்புள்ளிக் கணக்கையே எடுத்துட்டியா? கிறுக்கு பிடிச்சிருச்சா உனக்கு?"

"அடிக்கு ஒண்ணா மூணு பொத்தான் போதும்டா. மூணாவது விழுந்தா ஆள் காலி." வீட்டுத் தையல் டப்பாவிலிருந்து எடுத்த சிவப்புப் பொத்தான்கள்.

அவர் உச்சிமேல் வைத்துக் கொண்டாடும் விதி ஒன்று உண்டு. பூதம் அடித்தால் அது யார்மேல் விழுகிறது என்று பார்க்க அசல் புத்தகத்தில் ஒரு முழு அத்தியாயம். இவர் தாளில் ஒரே வரி: 'அடி குழுவுக்கு விழும், யார் வாங்கிக்கொள்வது என்று குழுவே முடிவு செய்யும்.'

பொம்மைக்கடைக்காரர் ஒருவர் இதை அச்சடித்து விற்க ஒத்துக்கொண்டிருந்தார், ஒரு நிபந்தனையோடு: "இந்த மாதிரி விளையாட்டு ஆடியே பழகாதவங்க, நீங்க ஒரு விளக்கமும் சொல்லாம, தாளை மட்டும் வச்சு ஆடணும். ஞாயித்துக்கிழமை சாயங்காலம் வர்றேன். ஓடுச்சுன்னா தாளைக் குடுங்க."

எனவே சாப்பாட்டு மேசையில் சோதனை. விளக்கம் சொல்ல நாக்குத் துறுதுறுக்கும் என்பதால் பழைய மூக்குக்கண்ணாடி ஒன்றின் காலைப் பல்லில் கவ்விக்கொள்வார். நடுவராகக் கதை சொல்ல மட்டும் எடுப்பார். எதிரே மூன்று பேர். நூலகத்தில் வேலை பார்க்கும் அவருடைய அக்கா. செல்போன் பழுதுபார்க்கும் மச்சான், அதாவது மனைவியின் தம்பி. அப்புறம் மனைவி. கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். பக்கத்து இருக்கையில், இரண்டாவது பிரேக்கின்மேல் காலை வைத்தபடி, நாள் முழுக்க ஊரார் மோதலைத் தன் காலால் தடுப்பவர்.

போன ஞாயிறு மனைவிக்கு வாள்வீரன் வேடம். குகை வாசலைத் தாண்டுமுன் மூன்று பொத்தானும் அவர்மேல். "அக்காவுக்கு என்ன, மலை மாதிரி, தாங்குவா" என்றான் மச்சான். வாள்வீரனிடம்தான் கோளாறு என்று சட்டாம்பிள்ளை முடிவு கட்டினார். இந்த வாரம் வேடத்தை மாற்றினார். மச்சானுக்கு வாள்வீரன், மனைவிக்கு மருத்துவச்சி. விழுந்த பொத்தானை எடுக்கத் தெரிந்த ஒரே ஆள் அவள்தான். அவள் போனால் குழுவே போச்சு. நண்பர்கள் ஆடும்போது மருத்துவச்சியை முட்டை மாதிரிப் பொத்தி வைத்திருப்பார்கள்.

"ரெண்டு கண்ணு மின்னுது. பூதம் வாலைச் சுழட்டி அடிக்குது!"

"அக்கா, நீ வாங்கிக்க" என்றான் மச்சான்.

"டேய், நான் மருத்துவச்சிடா. கையில ஒரு குச்சிகூட இல்ல."

"அதனால என்ன? உனக்குப் பழக்கம்தானே?"

"எனக்கு ரத்தம்னாலே ஆகாதும்மா" என்றார் நூலகத்து அக்கா, தன் மந்திரவாதி அட்டையை நெஞ்சோடு அணைத்து. "நீயே வாங்கிக்க, கண்ணு."

முதல் பொத்தான். அடுத்த சுற்றில் இரண்டாவதும். சட்டாம்பிள்ளைக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஆறடி வாள்வீரன் மேலே ஒரு கீறல் இல்லாமல் மருத்துவச்சியின் முதுகுக்குப் பின்னால் நிற்கிறான்! வேடம் மாறியும் அடிக்கு முகவரி மாறவில்லை. யாரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. யாரும் எண்ணவே இல்லை. கண்ணாடிக் காலைக் கடித்த கடியில் பிளாஸ்டிக் நெரிந்தது.

"பூதம் மறுபடியும் வாலைத் தூக்குது. அடிச்சிருச்சு!" என்று சொல்லிக் காலைத் திரும்பக் கவ்வினார். வாசல் மணி அடித்தது.

மச்சான் தன் அக்காவைப் பார்த்தான். நூலகத்து அக்கா தம்பி மனைவியைப் பார்த்தார். சட்டாம்பிள்ளை அப்போதுதான் கவனித்தார்: தன் கண்களும் அவர்களுக்கு முன்பே அங்கே போய்க் காத்திருந்தன. மச்சானின் நாற்காலியோ கதவை உரசிக்கொண்டிருந்தது.

கதவைத் திறக்க மனைவி எழவில்லை. மூன்றாவது பொத்தானை விரல்களுக்கிடையே உருட்டினார்.

"இந்த அடி இன்னும் யாருக்கும் போகல இல்ல?"

"உனக்குத்தான். மூணாவது. செத்துட்ட" என்று மச்சான் சிரித்தான்.

"இந்தத் தடவை நான் வாங்கிக்கல." பொத்தானைக் கொண்டுபோய்க் கணவர் முன்னால் வைத்தார்.

"ஐயையோ, நடுவருக்கு எப்படிம்மா அடி விழும்?" என்றார் நூலகத்து அக்கா.

"தாளைப் படிங்க அண்ணி. குழுன்னா யாருன்னு போட்டிருக்கு?"

நூலகத்து அக்கா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படித்தார். "'மேசையைச் சுற்றி உட்கார்ந்திருப்பவர்கள் எல்லோரும் குழு.'" நம்பாமல் தாளைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் வெறுமையாக இருந்தது.

சட்டாம்பிள்ளையின் வாயிலிருந்து கண்ணாடிக் கால் நழுவி மேசையில் விழுந்தது.

"என்ன முழிக்கறீங்க? பூதத்தை அனுப்பறது மட்டும்தான் உங்க வேலையா? ஒண்ணு வாங்கித்தான் பாருங்க."

மணி இரண்டாவது முறை அடித்தது. பொம்மைக்கடைக்காரரின் செருமலும் கேட்டது.

"எழுதிடுப்பா, தம்பி" என்று அக்கா பதறினார். "ரெண்டே வார்த்தை. அழிச்ச தடம்கூட அப்படியே இருக்கு பாரு."

சட்டாம்பிள்ளை பென்சிலை எடுத்தார். காலையில் ஊதிய ரப்பர்த் துகள் ஒன்று தாளின் ஓரத்தில் ஒட்டியிருந்தது. பென்சிலைக் காதில் செருகிக்கொண்டார். சிவப்புப் பொத்தானை இன்னும் கொஞ்சம் தன் பக்கமாக இழுத்து நேராக வைத்துவிட்டு, மச்சானின் நாற்காலியை ஒருக்களித்துத் தாண்டி, கதவைத் திறக்கப் போனார்.