கோமளவல்லி படுக்க வைத்த தளபதி

கல்கத்தா பவானிபூரில் குடியிருந்த கோமளவல்லிக்கு அடக்கிப் பேச வராது. வெள்ளைக்காரக் கம்பெனியில் கணக்கரான கணவர் சிவராமகிருஷ்ணனுக்கு அதுதான் பயம். 1905இல், வங்காளத்தை இரண்டாகப் பிரிக்க உத்தரவாகி ஊரே கொதித்துக்கொண்டிருந்தபோது, அவள் நவராத்திரிக் கொலுவில் அமெரிக்கர்களின் சுதந்திர யுத்தத்தை வைத்தாள்.

ஒரு பக்கம் சிவப்புச் சட்டை போட்ட இங்கிலீஷ் சிப்பாய்ப் பொம்மைகள், முன்னால் அவர்களுடைய தளபதி. எதிரே, தோளில் குச்சித் துப்பாக்கியோடு குடியானவப் பொம்மைகள். சுண்டலுக்கு வந்த பெண்களை அவள் லேசில் விடவில்லை.

"இந்தக் குடியானவாளும் இங்கிலாந்துலேர்ந்து அமெரிக்காவுக்குப் போய்க் குடியேறினவாதான். எங்களைக் கேக்காம வரி போடாதேன்னா. ராஜா கேக்கலே. தேயிலையைத் தூக்கிக் கடல்ல கொட்டினா. அப்புறம் சண்டை. பனியில செருப்பில்லாம நடந்தா, தோத்தா, மறுபடி வந்தா. கடைசியில பிரெஞ்சுக்காரா கப்பலோட வந்து கடல் வழியை அடைச்சா. சிவப்புச் சட்டைப் பட்டாளம் சரணாகதி."

"தோத்த தளபதி என்ன ஆனான், மாமி?" என்றாள் பக்கத்து வீட்டு மீனாக்ஷி.

"அவனைத்தான் அப்புறம் நம்ம கல்கத்தாவுக்கு கவர்னர் ஜெனரலா அனுப்பினா."

கூடமே சிரித்தது.

விஜயதசமி மாலை கணவரின் துரையே கொலு பார்க்க வந்துவிட்டார். அன்று ஆரத்தி எடுத்து, கொலு முடிந்ததற்கு அடையாளமாக ஒரு பொம்மையைப் படுக்க வைப்பார்கள். எப்போதும் மரப்பாச்சிதான். கோமளவல்லி சிவப்புச் சட்டைத் தளபதியை எடுத்து, துரையின் கண்ணெதிரே மல்லாக்கக் கிடத்தினாள்.

ஏன் இவரை என்று துரை கேட்டார். சிவராமகிருஷ்ணன் அதை மனைவிக்குத் தமிழில் சொன்னார்.

"ரொம்ப நாள் நம்மாத்துல நின்னாச்சு, நாளைக்குக் கிளம்பணும்னு சொல்லுங்கோ" என்றாள் அவள்.