ரத்தம் உறையல

மதியம் இரண்டு பத்துக்கு என் கைபேசியில் அந்தச் செய்தி விழுந்தது. “ரத்தம் உறையல.” பின்னாலேயே இரண்டு கும்பிடும் கைகள். மதுரை ஆஸ்பத்திரியில் என் மனைவிக்குத் துணையாக இருந்த மச்சினன் குடும்பக் குழுவில் போட்டிருந்தான்.

நாங்கள் அப்போது ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பரோட்டாக் கடை வாசலில் இறங்கியிருந்தோம். நாங்கள் என்றால் நானும், ஒரு வேன் நிறைய பி பாசிட்டிவும். என் மகளுக்கு இதய வால்வு ஒன்று சரியாக மூடவில்லை. சிறு வயதில் வந்த மூட்டுக் காய்ச்சலின் மிச்சம். அன்று காலைதான் ஆபரேஷன். ரத்தம் தேவைப்படலாம் என்று சொல்லியிருந்ததால், ராஜபாளையத்தில் நான் வேலை பார்க்கும் நூற்பாலையிலும் சேத்தூரிலுமாக அவள் வகை ரத்தக்காரர்கள் எட்டுப் பேரைத் திரட்டிக்கொண்டு போயிருந்தேன். என் கல்யாணத்துக்குக்கூட இவ்வளவு ஒழுங்காக ஆள் சேரவில்லை.

ஆனால் யாரும் கையை நீட்ட வேண்டியிருக்கவில்லை. அதற்குக் காரணம் ஒரு மிஷின். அறுக்கும்போது வழியும் ரத்தத்தை அது உறிஞ்சி, கழுவி, அவளுக்கே திருப்பிக் கொடுத்துவிடும் என்று மயக்க மருந்து டாக்டர் முதல் நாளே விளக்கியிருந்தார். சோப்புப் போட்டா என்று கேட்டேன். உப்புத் தண்ணீர் என்றார். கழுவினால் சிவப்பணுதான் மிஞ்சும், ரத்தத்தை உறையவைக்கும் சங்கதிகள் கழுவிய தண்ணீரோடு போய்விடும், கழுவியது அதிகமானால் அவற்றை வெளியாளிடம் வாங்கித்தான் ஏற்ற வேண்டும் என்றும் சொன்னார். நான் தலையாட்டினேன். அவள் ரத்தமே அவளுக்கு என்ற வரைக்கும்தான் என் காதில் நின்றது.

நண்பகலில் ஆபரேஷன் முடிந்தது, ஆட்கள் போகலாம் என்றார்கள். நிச்சயமா என்று நர்ஸிடம் கேட்டேன். கொஞ்ச நேரம் கழித்து வேறு வார்த்தைகளில் கேட்டேன். பிறகு அவர் டீ குடிக்கப் போன இடத்தில் கேட்டேன். என் மனைவி என்னைத் தனியே கூப்பிட்டு, “நீங்க இங்கனயே இருந்தா அடுத்த கட்டிலு உங்களுக்குத்தான்” என்று சொல்லி, வீட்டிலிருந்து மாற்றுத் துணி எடுத்து வரும்படி அதே வேனில் ஏற்றிவிட்டாள்.

இப்படித்தான் அந்தச் செய்தி என்னைப் பரோட்டாக் கடை வாசலில் பிடித்தது. சத்தமாகப் படித்துக் காட்டினேன். வேனே மகிழ்ந்தது. எங்கள் பக்கத்தில் யார் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தாலும், ரத்தம் உறைந்து அடைத்துவிட்டது என்றுதான் பேச்சு. உறையவில்லை என்றால் பிள்ளை பிழைத்தாள் என்று பொருள். தவிர, செய்தி அனுப்பியவன் ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா கிண்டுகிறவன். கொதிக்கிற பால் திரியாமல் இருக்க வேண்டுமே என்று காலையிலிருந்து இரவு வரை வாணலியைப் பார்த்து நிற்கிறவனுக்கு உறையவில்லை என்பதைவிட நல்ல சேதி உலகத்தில் கிடையாது.

யாரோ ஓடிப்போய்ப் பால்கோவா வாங்கி வந்தார்கள். மில் ஆட்கள் இருவர் கொண்டாட்டத்தை முறையாகச் செய்வதற்காக அரசாங்கக் கடைப் பக்கம் ஒதுங்கினார்கள். நானும் ஒரு விள்ளல் வாயில் போட்டேன். அது தொண்டையில் இறங்கும்போதுதான் கழுவிய தண்ணீரோடு போய்விடும் சங்கதிகள் ஞாபகத்துக்கு வந்தன. இன்றைக்கும் பால்கோவாவை யார் நீட்டினாலும் நான் வாங்குவதில்லை.

மனைவிக்குப் போன் போட்டேன். உறையலையாமே, நல்லதுதானே என்று கேட்டேன்.

“என்னங்க நல்லது? உறையணும். உறையலைன்னுதான் ரத்தம் நிக்காம டியூப் வழியா வந்துக்கிட்டே இருக்கு. உறையவைக்கிற தட்டணு இங்க இருந்ததயெல்லாம் ஏத்திட்டாக. இன்னும் வேணுமாம். நிக்கலைன்னா திரும்ப நெஞ்சத் திறக்கணும்னு சொல்லுதாக. எல்லாரையும் கூட்டிட்டு வாங்க.”

நெஞ்சைத் திறப்பது என்று அவள் சொன்னதைக் கேட்டபோது ஏதோ பெட்டியைத் திறப்பது போலத்தான் இருந்தது. அப்படியே பிளாட்பாரத்தில் உட்கார்ந்துவிட்டேன். மற்றவர்கள்தான் ஆட்களைத் திரட்டினார்கள். கொண்டாடப் போனவர்கள் கொண்டாடி முடித்திருந்தார்கள். பக்கத்தில் நின்றாலே தெரிந்தது. ரத்தம் கொடுக்க முடியாவிட்டாலும் ஆதரவு கொடுக்கலாம் என்று அவர்களும் ஏறிக்கொண்டார்கள். இரண்டு பேர் குறைகிறதே என்று நான் புலம்புவதைக் கேட்டுக்கொண்டிருந்த கடைக்கார பாய், கையைத் துடைத்துக்கொண்டு கல்லாவை விட்டு இறங்கினார். தனக்கும் அதே குரூப்தான், கடையைத் தம்பி பார்த்துக்கொள்வான் என்றார். அதுவரை அவருக்கும் எனக்கும் இருந்த உறவு சால்னா பற்றாது என்ற அளவில்தான்.

மதுரை போய்ச் சேரும் வரை டிரைவரிடம் வேகமாகப் போகும்படியும் மெதுவாகப் போகும்படியும் மாறி மாறிச் சொன்னேன். கிருஷ்ணன்கோவில் தாண்டியதும் அவர் பாட்டைச் சத்தமாக வைத்துவிட்டார்.

ஆஸ்பத்திரி வாசலில் மச்சினன் நின்றான். அக்காவிடம் வாங்கிக் கட்டிக்கொண்ட முகம்.

“எனக்கு உறைஞ்சாத்தான கெட்டது அத்தான்?” என்றான்.

அவனைத் திட்டுவதற்காக வழியெல்லாம் சேர்த்து வைத்திருந்தேன். இங்கே வேறு மாதிரியாம் என்று மட்டும் சொன்னேன்.

வரிசையாகச் சோதித்துப் பார்த்து, முதலில் பாயைத்தான் சாய்வு நாற்காலியில் உட்காரவைத்தார்கள். அவர் ரத்தத்தை எடுத்து, அதிலிருந்து தட்டணுவை மட்டும் பிரித்துக்கொண்டு மீதியை அவருக்கே அனுப்பும் மிஷின் அது. குழாயில் தன் ரத்தம் திரும்பி வருவதை அவர் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“வாங்குனதத் திருப்பிக் குடுக்குற எடத்த நான் இங்கனதான் சார் பாக்கேன்” என்றார்.

நான் சிரித்தேன். சிரிப்பு எப்போது அழுகையானது என்று தெரியவில்லை. பாய் ஊசி ஏறியிருந்த கையாலேயே என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். அந்தக் கையை ஆட்டக்கூடாது என்று நர்ஸ் அதட்டியும் விடவில்லை.

மஞ்சள் நிறத்தில் தட்டணு ஒரு பை நிறைந்து மாடிக்குப் போனது. என் மனைவி தீவிர சிகிச்சைப் பிரிவின் கதவில் முதுகைச் சாய்த்து நின்றாள், யாரும் மகளைத் தியேட்டருக்குத் தள்ளிக்கொண்டு போய்விடக் கூடாது என்பதைப் போல. மச்சினன் படிக்கட்டில் உட்கார்ந்து, குழுவில் எதையோ தட்டச்சு செய்து அழித்துக்கொண்டே இருந்தான். ஆதரவாளர்கள் இருவரும் பெஞ்சில் சாய்ந்து தூங்கிவிட்டார்கள்.

இருட்டத் தொடங்கியபோது அறுவை டாக்டர் வந்தார். என்னைப் பார்த்ததும் நடையைச் சற்றுக் குறைத்தார். நர்ஸ் முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும். நான் வாயைத் திறக்கும் முன்பே கையைக் காட்டி நிறுத்தினார்.

“ரத்தக் கசிவு நின்னுருச்சு. நெஞ்சத் திறக்க வேண்டியதில்ல. ஒருத்தர் மட்டும் உள்ள வந்து பாக்கலாம். அழாதவங்களா வாங்க.”