வாங்காமல் வந்த பொன்னாடை

ஆசிரியருக்கு மாறுதல் கிடைத்தால் சம்பளமும் கூடவே பஸ் ஏறி வந்துவிடாது. அதற்குத் தனியாக டிக்கெட் எடுக்க வேண்டும். இது தெரியாமல் மூன்று மாதம் சம்பளமில்லாமல் இருந்தவள் நான். இப்போது வந்துவிட்டது. அதனால்தான் சிரித்துக்கொண்டே எழுத முடிகிறது. இதைப் படிக்கும் உங்களில் யாராவது "இந்த மாசம் நிச்சயம் வந்துடும்" என்று இன்னும் சொல்லிக்கொண்டிருந்தால், நானும் உங்கள் கட்சிதான்.

பள்ளிகளின் பெயர்களை விட்டுவிடுகிறேன். பழைய பள்ளி அடையாற்றங்கரைப் பக்கம். புதிய பள்ளி ஜி.எஸ்.டி. சாலைப் பக்கம், ஊரப்பாக்கத்தில் நான் வாடகைக்கு இருக்கும் வீட்டிலிருந்து பத்து நிமிடம். இரண்டு பஸ், ஒரு ரயில் என்று நான்கு வருடம் அலைந்தவளுக்கு அந்தப் பத்து நிமிடம் எவ்வளவு பெரியது என்று உங்களுக்குத் தெரியும்.

பின்வாசல்

மாறுதலாகிப் போகும் ஆசிரியருக்கு விழா எடுப்பது எங்கள் பழைய பள்ளியின் வழக்கம். மாலை, பொன்னாடை, சமோசா, குரூப் போட்டோ. இதெல்லாம் பரவாயில்லை. கடைசியில் 'ஏற்புரை' என்று ஒன்று உண்டு. போகிறவர் மைக்கைப் பிடித்து நாலு வார்த்தை பேச வேண்டும். நாற்பது பிள்ளைகள் முன்னால் ஒளிச்சேர்க்கையைப் பற்றி ஒரு மணி நேரம் பேசுவேன். பதினெட்டு ஆசிரியர்கள் முன்னால் என்னைப் பற்றி ஒரு நிமிடம் பேசச் சொன்னால் நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

அந்த வெள்ளிக்கிழமை காலையிலேயே தலைமையாசிரியை விடுவிப்பு ஆணையில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார். "விழா மூணு மணிக்கு. அதுவரைக்கும் பத்திரமா வெச்சுக்கோங்க பியூலா" என்றார். பத்திரமாகப் பையில் வைத்தேன். இடைவேளை மணி அடித்ததும் பையோடு பின்வாசலுக்குப் போனேன். அங்கே வளாகம் பெருக்கும் அம்சா அக்கா நின்றிருந்தார். துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"இன்னா டீச்சர், ஒனக்கு மாலை வாங்க ஆள் போய்க்கீது, நீ இந்தாண்ட போய்க்கினு கீற?"

எட்டாம் வகுப்பு பி

பஸ்ஸில் உட்கார்ந்ததும் பழைய தலைமையாசிரியைக்கு வாட்ஸ்அப்பில் எழுதினேன்: "மன்னிக்கவும் மேடம், புதுப் பள்ளியில் இன்றே சேரச் சொல்கிறார்கள்." அப்படி யாரும் சொல்லவில்லை. திங்கட்கிழமை சேர்ந்தால் போதும். ஆனால் சொன்ன பொய்யை உண்மையாக்கிவிட்டால் அது பொய்யில்லை என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு, பல்லாவரத்தில் ரயிலேறி நேராகப் புதுப் பள்ளிக்குப் போய்விட்டேன்.

அங்கே மணி பன்னிரண்டு ஆகவில்லை. அலுவலகத்தில் தேவராஜ் சார் பணியில் சேர்ந்த அறிக்கையை எழுதினார். "முற்பகல்னு போட்டுடறேன் டீச்சர், சரிதானே?" சரி என்றேன். மணி அப்படித்தானே சொல்கிறது. நான் கொடுத்த விடுவிப்பு ஆணையை அவர் கோப்பில் சேர்த்தார். அதை அவரும் முழுதாகப் படிக்கவில்லை, நானும் படிக்கவில்லை. படிக்க விடாமல் மாடியிலிருந்து எட்டாம் வகுப்பு பி பிரிவின் சத்தம் வந்துகொண்டிருந்தது. அறிவியல் ஆசிரியர் இல்லாமல் அந்த வகுப்பு ஒரு பருவத்தையே கழித்திருந்ததாம். சம்பள விஷயத்துக்கு வேறு ஏதாவது தாள் வேண்டுமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன். புதிய தலைமையாசிரியை சாக்பீஸ் டப்பாவை என் கையில் வைத்தார்.

"சம்பளமெல்லாம் தானா வரும்மா, மொதல்ல நீங்க மாடிக்குப் போங்க, யாராவது மண்டைய ஒடைச்சுக்கப் போறாங்க."

மாதக் கடைசி

மாதக் கடைசி நாளில் ஆசிரியர் அறைக்கு ஒரு தனிச் சங்கீதம் உண்டு. ஒரு போன் 'டிங்' என்னும், உடனே இன்னொன்று, பிறகு வரிசையாக. யாரும் போனை எடுத்துப் பார்க்க மாட்டார்கள், ஆனால் எல்லோர் முகமும் கொஞ்சம் மலரும். அன்று என் போனும் 'டிங்' என்றது. நான் மட்டும் எடுத்துப் பார்த்தேன். ரீசார்ஜ் முடியப் போகிறது என்று வந்திருந்தது.

விசாரித்ததில், பழைய பள்ளியிலிருந்து எல்.பி.சி. வரவில்லை. கடைசிச் சம்பளச் சான்று. 'இவருக்கு இதுவரை நாங்கள் கொடுத்தோம், இனி நீங்கள் கொடுங்கள்' என்று எழுதித் தரும் தாள். ஒரு போன் போட்டுக் கேட்டால் போதும் என்றார் தேவராஜ் சார். போனை எடுத்தேன். பழைய தலைமையாசிரியையின் பெயரைப் பார்த்தேன். வாங்காத மாலையும் சாப்பிடாத சமோசாவும் நினைவுக்கு வந்தன. போனை வைத்துவிட்டேன். இப்படியே பத்து நாள். பக்கத்து மேஜை தமிழாசிரியை என்னைத் தேற்றினார்.

"கவலப்படாதீங்க பியூலா, நான் மாறுதல்ல வந்தப்போ நாலு மாசம் வரலை, நான் மெலிஞ்சதே அந்த நாலு மாசத்துலதான்."

செருப்பு

இரண்டாம் மாதமும் போயிற்று. வீட்டு வாடகை இரண்டு மாதம் நின்றது. வீட்டுச் சொந்தக்காரர் ஊரப்பாக்கத்தின் பழைய குடும்பத்துக்காரர். அவர்கள் வயல் இருந்த இடத்தில்தான் நான் குடியிருக்கும் மூன்று மாடியும் நிற்கிறது. 'கவர்மெண்ட் வேலை' என்று சொன்னதும் முன்பணத்தைக் குறைத்துக்கொண்டு வீட்டைக் கொடுத்த மனிதர். அவரிடம் போய், கவர்மெண்ட் எனக்குச் சம்பளம் தரவில்லை என்று எப்படிச் சொல்வது? காலையில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு அவர் வாசலைத் தாண்டி இறங்கப் பழகினேன். நன்றாகவே பழகிவிட்டேன். ஒருநாள் கடைசிப் படியில் அவரே நியூஸ்பேப்பரோடு உட்கார்ந்திருந்தார். என் கையைப் பார்த்தார், காலைப் பார்த்தார்.

"வாடகைய மெதுவா குடு டீச்சரம்மா, ஆனா செருப்ப போட்டுக்கினே எறங்கு, சத்தமில்லாம யாராச்சும் எறங்கினா திருடன்னு எனக்கு நெஞ்சு அடைக்குது."

தங்கை

வாடகை காத்திருக்கும். தங்கையின் கல்லூரி காத்திருக்காது. ஷீபா நாகர்கோவிலில் நர்சிங் மூன்றாம் வருடம். அப்பா போனபின் அவள் ஃபீஸ் என் பொறுப்பு. மாதக் கடைசிக்குள் கட்டாவிட்டால் ஹால் டிக்கெட் இல்லை என்று கல்லூரியில் சொல்லிவிட்டார்கள். அம்மாவிடம் அடகு வைக்க இனி எதுவும் இல்லை. யாரிடமாவது கைமாற்றுக் கேட்கலாம். கேட்பதற்கும் வாய் வேண்டும். சனிக்கிழமை இரவு அவளுக்கு போன் செய்து விஷயத்தைச் சொன்னேன். அழுவாள் என்று நினைத்தேன்.

"அக்கா, நீ நெஜமாவே கவர்மெண்ட் டீச்சர்தானா, இல்ல எங்க கிட்ட சும்மா சொல்லி வெச்சிருக்கியா?"

அன்றிரவு எனக்குச் சிரிப்பு வந்தது, தூக்கம்தான் வரவில்லை. திங்கட்கிழமை காலை தேவராஜ் சாரின் மேஜை முன்னால் போய் நின்றேன். எல்.பி.சி.யை அவரே பழைய பள்ளிக்கு போன் செய்து வரவழைத்திருந்தார். சம்பளப் பில்லும் போட்டுக் கருவூலத்துக்கு அனுப்பியாகிவிட்டது. பிறகு ஏன் வரவில்லை? "பில்லைத் திருப்பிட்டாங்க டீச்சர். என்ன ஏதுன்னு நேர்ல போய்க் கேட்டுடலாம், நீங்களும் வாங்க" என்றார்.

ஒரே முற்பகல்

கருவூலத்தில் எங்கள் பில்லைப் பார்க்கும் அம்மா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு இரண்டு தாள்களைப் பக்கத்துப் பக்கத்தில் வைத்தார். ஒன்று, நான் புதுப் பள்ளியில் சேர்ந்த அறிக்கை: வெள்ளிக்கிழமை முற்பகல். இன்னொன்று, பழைய பள்ளியின் விடுவிப்பு ஆணை: அதே வெள்ளிக்கிழமை பிற்பகல். விழா முடிந்துதான் போவேன் என்று நினைத்து, அந்தத் தலைமையாசிரியை அப்படியே தட்டச்சு செய்யச் சொல்லியிருக்கிறார். பழைய பள்ளி என்னை விடுவதற்கு முன்பே நான் புதுப் பள்ளியில் சேர்ந்துவிட்டேன். இரண்டு தாளிலும் முத்திரை அழகாக விழுந்திருந்தது.

"நம்ம பக்கம் மாத்த முடியாது மேடம், அன்னிக்கு இவங்க வகுப்பெடுத்ததுக்கு ரிஜிஸ்டர் இருக்கு" என்றார் தேவராஜ் சார். அப்படியானால் பழைய பள்ளியில்தான் திருத்தி வாங்கி வர வேண்டும். வெள்ளிக்குள் கொண்டுவந்தால் இந்த மாதமே பாஸ் செய்வதாக அந்த அம்மா சொன்னார். எனக்குப் பின்னால் வரிசையில் நின்றவர்கள் கழுத்தை நீட்டிப் பார்க்க ஆரம்பித்திருந்தார்கள். கண்ணாடி மறுபடி மூக்குக்கு இறங்கியது.

"ஒரே முற்பகல்ல ரெண்டு ஸ்கூல்ல இருந்திருக்கீங்க, உங்களுக்கு ஒரு சம்பளமா ரெண்டா, மொதல்ல அதச் சொல்லுங்க."

பீரோ

மறுநாளே விடுப்புப் போட்டுவிட்டுப் பழைய பள்ளிக்குப் போனேன். எந்த வாசல் வழியாக நுழைவது என்று தெருமுனையில் ஒரு நிமிடம் நின்றேன். முன்வாசலில் அம்சா அக்கா இருந்தார். "வா டீச்சர், இந்த வாசலும் தொறந்துதான் கீது" என்று வழிவிட்டார்.

தலைமையாசிரியை கோபமாக இருப்பார் என்று ரயில் முழுக்க மன்னிப்பு வாசகங்களை மனப்பாடம் செய்திருந்தேன். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஆசிரியர் வருகைப் பதிவேட்டை எடுக்கச் சொன்னார். அந்த வெள்ளிக்கிழமை, என் பெயருக்கு நேரே, காலைக் கட்டத்தில் கையெழுத்து. மாலைக் கட்டம் காலி. "இது போதும்" என்று பிற்பகலை அடித்து முற்பகல் என்று எழுதி, பக்கத்தில் சுருக்கொப்பமிட்டு முத்திரை குத்தினார். நான் கையை நீட்டினேன். அவர் தாளை மேஜை டிராயரில் வைத்துப் பூட்டினார். பிறகு பீரோவைத் திறந்தார். உள்ளே பிளாஸ்டிக் உறை பிரிக்காத ஒரு பொன்னாடை இருந்தது. அதில் என் பெயர் எழுதிய சீட்டு குத்தியிருந்தது.

"விழா மூணு மணிக்கு, ஆனா இந்தத் தடவ ஆர்டர் விழா முடிஞ்சப்புறந்தான்."

ஏற்புரை

மாலை, பொன்னாடை, புதிதாக வாங்கிய சமோசா. எதுவும் குறையவில்லை. மைக் என் கைக்கு வந்தது. மனப்பாடம் செய்த எதுவும் நினைவுக்கு வரவில்லை. டிராயர் சாவி மட்டும் தலைமையாசிரியையின் விரலில் ஆடிக்கொண்டிருந்தது. ஷீபாவின் ஹால் டிக்கெட்டை நினைத்துக்கொண்டேன்.

"நாலு வருஷம் இங்க நல்லா இருந்தேன். எல்லாருக்கும் நன்றி. அன்னிக்குப் புது ஸ்கூல்ல யாரும் என்னை உடனே வரச் சொல்லலை. இதைப் பேசணுமேன்னு பயந்துதான் ஓடிட்டேன்."

அவ்வளவுதான். கூட்டம் கை தட்டியது. கதவோரம் நின்ற அம்சா அக்கா எல்லோரையும்விடச் சத்தமாகத் தட்டினார். தலைமையாசிரியை தாளை என் கையில் கொடுத்து, தோளைத் தட்டி, காதோடு சொன்னார்.

"தெரியும்மா, உங்க புது எச்.எம். என் கூடப் படிச்சவ, அன்னிக்கு சாயந்திரமே கேட்டுட்டேன்."

டிங்

அடுத்த வாரம், எட்டாம் வகுப்பு பி. கரும்பலகையில் இதயத்தின் நான்கு அறைகளை வரைந்துகொண்டிருந்தேன். மேஜைமேல் போன் 'டிங்' என்றது. வகுப்பில் போனைத் தொடுவதில்லை என்பது என் விதி. அன்று விதியை மீறினேன். மூன்று மாதமும் சேர்ந்து வந்திருந்தது. மணி அடித்ததும் படிக்கட்டில் நின்றபடியே ஷீபாவின் ஃபீஸைக் கட்டினேன். கெடுவுக்கு ஒரு நாள் பாக்கி. மாலையில் செருப்புச் சத்தம் கேட்க மாடியேறி, வழியில் வாடகையைக் கொடுத்தேன். தேவராஜ் சாருக்கு நன்றி சொல்ல ஒரு பெட்டி மைசூர்பாகு வாங்கிப் போனேன், அதையும் இரண்டே வாக்கியத்தில் சொல்லி முடித்தேன். அவர் ஒரு துண்டை எடுத்துக்கொண்டு பெட்டியை மூடினார்.

"அடுத்த மாறுதலுக்குப் போறப்போ சமோசாவ சாப்ட்டுட்டே கெளம்புங்க டீச்சர், எங்களால முடியல."

மாறுதல் ஆணையைக் கையில் வைத்திருக்கும் நண்பர்களே, மேடையில் ஒரே மூச்சில் பேசி முடித்திருக்க வேண்டிய நாலு வார்த்தையை, நான் வீட்டுச் சொந்தக்காரர், தங்கை, கருவூலம் என்று மூன்று மாதத் தவணையில் பேசித் தீர்த்தேன்.