நானூற்று முப்பத்தொரு பேர்

வால்டெமார் எச்செபார்னேவுக்கு வயிறு எரியத் தொடங்கியது ஒரு புதன்கிழமை காலையில். வானொலி நிலையத்து மாடிப்படியில் வர்ணனையாளர் எபேர் அவரை நிறுத்தி, தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"உலகக் கோப்பை நூற்றாண்டு நிகழ்ச்சிக்கு மிர்த்தா டீச்சரை உட்கார வைக்கலாம்னு மேலே பேசிக்கிறாங்க, டோன் வால்டெமார். நீங்க தப்பா எடுத்துக்கக் கூடாது."

தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாதாம்! பிறகு எப்படி எடுத்துக்கொள்வது, மாலை போட்டா?

எங்கள் தலைநகர் மொந்தெவிதேயோவில் கால்பந்தாட்ட வர்ணனை என்றால் அறையில் இரண்டு பேர் வேண்டும். ஒருவர் தொண்டை கிழியக் கத்துவார். அவர் மூச்சு வாங்கும் நேரம் பார்த்து, பக்கத்தில் இருப்பவர் ஓர் அட்டையை நீட்டுவார். இன்ன ஆண்டு, இன்ன ஆட்டம், இத்தனையாவது நிமிடம், இத்தனை பேர் பார்த்தார்கள் என்று அதில் இருக்கும். நாற்பத்தொரு வருஷமாக அந்த இரண்டாவது நாற்காலி வால்டெமாருடையது. பகலில் துறைமுகக் கிடங்கில் குமாஸ்தா வேலை. சாயங்காலம் நூலகத்தில் பழைய செய்தித்தாள்கள். கல்யாணமான மறுவாரமே மனைவி எல்பாவைக் கூட்டிக்கொண்டு போய், 1930இன் தாள்களைப் புரட்டச் சொன்ன ஆள் அவர். வீட்டில் அறுபத்திரண்டு செருப்புப் பெட்டிகள் நிறைய அட்டைகள். செருப்பு வைக்கத்தான் இடமில்லை என்று எல்பா சொல்வாள்.

முப்பத்தைந்து லட்சம் பேர் உள்ள நாடு. முதல் உலகக் கோப்பையை நடத்தியதும் நாங்கள், ஜெயித்ததும் நாங்கள். அதற்கு முந்தைய இரண்டு ஒலிம்பிக் தங்கத்தையும், 1950இல் ஜெயித்த இன்னொரு கோப்பையையும் சேர்த்துச் சட்டையில் நான்கு நட்சத்திரம் குத்திக்கொள்கிற ஆட்கள். இங்கே பழைய கணக்கு தெரிந்தவனுக்கு மரியாதை உண்டு. அந்த மரியாதையைத்தான் எட்டு வருஷத்துக்கு முன் எங்கிருந்தோ வந்த இந்த மிர்த்தா ஒலாஸ்கோவாகா பங்கு போட வந்தாள்.

பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். ஒல்லியான உருவம், கழுத்தில் கயிறு கட்டிய கண்ணாடி, கக்கத்தில் மாத்தே என்கிற இலைக் கஷாயம் நிரப்பிய பிளாஸ்க். செருப்புப் பெட்டி கிடையாது, ஒரு கணினிதான். உலகக் கோப்பையில் மழையில் நடந்த ஆட்டங்களில் எத்தனை கோல் என்று கேட்டால் நாலு தட்டுத் தட்டிச் சொல்லிவிடுவாள். அதே கேள்விக்கு வால்டெமாருக்கு இரண்டு நாளும் ஓர் ஏணியும் வேண்டும். போதாக்குறைக்கு அவள் பெனியரோல் கிளப்பின் கட்சி. இவர் அதன் பரம எதிரிக் கிளப்பான நசியோனாலின் பரம்பரை ரசிகர்.

இப்போது அவளுடைய புத்தகமும் வந்துவிட்டது. எழுநூறு பக்கம், நூறு வருஷத்து உலகக் கோப்பை, கெட்டி அட்டை. கடைக் கண்ணாடிக்குப் பின்னால் அடுக்கி வைத்திருந்தார்கள். வால்டெமார் அந்தக் கடை இருக்கும் தெருவையே தவிர்த்துப் பத்து நாள் சுற்றுவழியில் போனார். 1986இல் அவரும் ஒரு புத்தகம் போட்டவர்தான். சொந்தச் செலவில் ஐந்நூறு பிரதி. அதில் நூற்றெழுபது இன்னும் கட்டிலுக்கு அடியில் தூங்குகின்றன.

"அவ எழுதினதுல பாதி என்னுதாத்தான் இருக்கும்," என்றார் எல்பாவிடம்.

"படிச்சீங்களா?"

"படிக்கணுமா என்ன?"

"படிக்காமலே தெரியுதுன்னா உங்களுக்குத்தான் ஞானக்கண் இருக்கு. ஆசுபத்திரிக்காரன்தான் கண்புரைன்னு சொல்லிட்டான்."

படிக்க வேண்டாம் என்று அவர் சொன்னதற்குக் காரணம் இருந்தது. புள்ளிவிவரம் எழுதுகிற எங்கள் ஊர் ஆட்களுக்குள் ஒரு பழக்கம். புத்தகத்தில் எங்கேயாவது ஒரு பொய்யை ஒளித்து வைப்பார்கள். எவனாவது உழைக்காமல் காப்பி அடித்தால் அந்தப் பொய்யும் சேர்ந்து போகும், கையும் களவுமாகப் பிடிக்கலாம். எது பொய் என்று பெண்டாட்டியிடம்கூடச் சொல்ல மாட்டார்கள். வால்டெமாரும் ஒன்று வைத்திருந்தார். முதல் உலகக் கோப்பையில் பொசீத்தோஸ் மைதானத்தில் ருமேனியாவும் பெருவும் ஆடிய ஆட்டம். கூட்டம் முந்நூறு என்பார் சிலர். அதிகாரபூர்வக் கணக்கு இரண்டாயிரத்து ஐந்நூற்று நாற்பத்தொன்பது. வால்டெமார், டிக்கெட் அடிக்கட்டைகளைத் தானே எண்ணியதாக எழுதி, நானூற்று முப்பத்தொரு பேர் என்று போட்டார். அப்படி ஓர் அடிக்கட்டையை அவர் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. எதிரே நின்ற பேருந்தின் எண் நானூற்று முப்பத்தொன்று, அவ்வளவுதான்.

சனிக்கிழமை மனசு கேட்காமல் கடைக்குள் போனார். முன்னுரையைத் தாண்டினார், பொருளடக்கத்தைத் தாண்டினார், நேராகப் பொசீத்தோஸ் பக்கம். விரல் வரிசையாக இறங்கி வந்து நின்றது. நானூற்று முப்பத்தொன்று! பக்கத்தில் எறும்பு மாதிரி ஒரு சின்ன எண் ஒட்டிக்கொண்டிருந்தது. அதையெல்லாம் யார் பார்த்தார்கள்? எழுபத்தொரு வயது மனிதர் கடை நடுவில் கைதட்டினார். கடைக்காரப் பெண் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டாள்.

"மாட்டினாடி கள்ளி!" என்று வீட்டுக்குள் நுழைந்தவரை எல்பா உட்கார வைத்தாள். புத்தகத்தை வாங்கிப் புரட்டினாள்.

"பின்னாடி அறுபது பக்கம் பொடி எழுத்துல என்னமோ குறிப்பு இருக்கே. அதைப் படிச்சிட்டு அப்புறம் சண்டைக்குப் போங்களேன்."

"கள்ளன் வீட்டுக் குறிப்பு எனக்கு எதுக்கு?"

"பொறாமைப்பட்டா மூஞ்சி கறுத்துப் போகும்பாங்க. உங்களுக்குக் காதும் அடைச்சுப் போச்சு."

ஆமாம், பொறாமைதான். அவருக்கே தெரியும். அவள் சிரிக்கிற சத்தம், அவள் கணினி தட்டுகிற வேகம், எபேர் அவளை 'டீச்சர்' என்று குழைந்து கூப்பிடுவது, எல்லாவற்றின் மேலும் பொறாமை. அன்று ராத்திரி மட்டும் நிம்மதியாகத் தூங்கினார்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் நேரடி ஒலிபரப்பு. மிர்த்தாவின் புத்தகத்தைப் பற்றிப் பேச்சு. நடுவில் எபேர், பக்கத்தில் மிர்த்தா, மூலையில் மரியாதைக்கு அழைக்கப்பட்ட வால்டெமார். எபேர் 'நீங்களும் ரெண்டு வார்த்தை' என்றதுதான் தாமதம், அவர் ஒலிவாங்கியை இழுத்துக்கொண்டார்.

"பக்கம் முப்பத்தெட்டு. பொசீத்தோஸ்ல நானூத்தி முப்பத்தொரு பேர்னு போட்டிருக்கீங்களே டீச்சர், எங்கிருந்து எடுத்தீங்க?"

"உங்க புத்தகத்துலேருந்து," என்றாள் மிர்த்தா.

இவ்வளவு சுலபமாக ஒப்புக்கொள்வாள் என்று அவர் நினைக்கவில்லை. ஆனாலும் விடவில்லை. "கேட்டுக்குங்க ஜனங்களே! அந்த எண்ணு நான் இட்டுக்கட்டினது. சுத்தப் பொய். திருடனைப் பிடிக்கணும்னே வச்ச பொறி. நாப்பது வருஷம் கழிச்சு எலி விழுந்திருக்கு!"

எபேரின் வாய் திறந்தபடி நின்றது. மிர்த்தா கோபப்படவில்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டாள்.

"பொய்யா? அடிக்கட்டையை எண்ணினேன்னு எழுதியிருக்கீங்களே."

"அதுவும் பொய்தான். அதுதானே பொறி!"

அவள் புத்தகத்தின் கடைசிப் பக்கங்களைத் திருப்பி, ஒலிவாங்கியிலேயே நிதானமாகப் படித்தாள். "குறிப்பு பத்தொன்பது. இந்த எண்ணிக்கைக்கு ஒரே ஆதாரம் வால்டெமார் எச்செபார்னே, 1986. அடிக்கட்டைகளை நேரில் எண்ணியவர் என்பதால் அதிகாரபூர்வக் கணக்கைவிட இதையே ஏற்றேன்." நிமிர்ந்தாள். "பேர் போடாம எடுத்தாத்தான் திருட்டு, டோன் வால்டெமார். அந்த அடிக்கட்டையைத் தேடி ரெண்டு வருஷம் நூலகம் நூலகமா அலைஞ்சேன். கிடைக்கலை. அவரு பார்த்திருப்பாரு, அவரு சொன்னா சரியா இருக்கும்னு விட்டுட்டேன்."

நுணலும் தன் வாயால் கெடும் என்பது இதுதான். அதுவும் நாடு முழுக்கக் கேட்க.

"இன்னும் எது எது பொய்?" என்றாள்.

"இது ஒண்ணுதான். சத்தியமா."

"அதுக்கு ஆதாரம்?"

அவர் எபேரைப் பார்த்தார். எபேர் மேசையில் கிடந்த பழைய அட்டை ஒன்றைப் புரட்டிக்கொண்டிருந்தார். "நாப்பது வருஷமா நீங்க நீட்டினதை எல்லாம் நான் ஜனங்களுக்குப் படிச்சுக் காட்டினேனே," என்றார் மெதுவாக. உடனே பாட்டுப் போட்டுவிட்டார்கள்.

பாட்டு ஓடும்போது மிர்த்தா பையிலிருந்து சிவப்பு பென்சிலை எடுத்தாள். மறுபதிப்பு வியாழக்கிழமை அச்சுக்குப் போகிறது என்றாள். அவர் பெயர் நூற்று அறுபத்து மூன்று இடத்தில் இருப்பதாகச் சொன்னபோது அவர் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார். நூற்று அறுபத்து மூன்று! எழுபத்தொரு வருஷத்தில் யாரும் அவர் பெயரை அத்தனை தடவை அச்சில் போட்டதில்லை. அவரே போட்டதில்லை.

இருவரும் நிலையத்துப் பின்னறையில் உட்கார்ந்தார்கள். எபேர் மாத்தே ஊற்றிக் கொண்டுவந்து வைத்துவிட்டு ஓசையில்லாமல் போனார். அவள் ஒவ்வொன்றாகக் கேட்டாள்.

"குறிப்பு இருபத்தாறு. கோல் விழுந்த நிமிஷம். வேற ஆதாரம் இருக்கா?"

"அந்தக் காலத்துப் பேப்பர்ல பார்த்தேன். என் கண்ணால."

"எந்தப் பேப்பர்? எந்தத் தேதி?"

தேதியை அவர் குறித்து வைக்கவில்லை. அந்தக் காலத்தில் யார் குறித்தார்கள்? உண்மைதான் அது, அவருக்கு நூற்றுக்கு நூறு தெரியும். பென்சில் குறுக்கே ஓடியது.

"கணக்கு டீச்சர் நான். ஒரு விடையை வேணும்னே தப்பாப் போட்டேன்னு சொல்ற பிள்ளையோட மத்த விடையை நான் எப்படித் திருத்துறது? நீங்களே சொல்லுங்க," என்றாள். குரல் கம்மியிருந்தது. அதற்காகவும் அவருக்கு அவள்மேல் ஒரு புது எரிச்சல் வந்து உட்கார்ந்தது. இவளால் எப்படி அழுதுகொண்டே அடிக்க முடிகிறது? தனக்கு ஏன் இப்படி ஒரு கை இல்லாமல் போனது?

இருபத்திரண்டு குறிப்புகளுக்கு அவரிடம் தேதி இருந்தது. அவை தப்பின, ஆனால் அவற்றில் இனி செய்தித்தாளின் பெயர்தான் இருக்கும். மற்றவை போயின. ஜன்னலில் வெயில் இறங்கியபோது அவள் முன்பக்கத்துக்கு வந்தாள். அவர் கடையில் தாண்டிப் போன முன்னுரை. பென்சிலை அங்கே வைத்தாள், எடுத்தாள், பிறகு புத்தகத்தையும் பென்சிலையும் அவர் பக்கம் தள்ளினாள்.

"இதை நீங்களே பண்ணுங்க. என்னால முடியல."

வால்டெமார் கண்ணுக்குக் கிட்டே பிடித்துப் படித்தார். 'நாம் எல்லாரும் கத்திக்கொண்டிருந்த காலத்தில், ஒரே ஒருவர் மட்டும் உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருந்தார். அவர் பெயர் வால்டெமார் எச்செபார்னே. இந்தப் புத்தகம் அவருக்கு.'

இரண்டாம் முறையும் படித்தார். மூன்றாம் முறையும். பிறகு பென்சிலை எடுத்து, மூன்று வாக்கியத்தின் மேலும் ஒரே கோடாக இழுத்துவிட்டு, புத்தகத்தை அவளிடம் கொடுத்தார்.